பப்பாளிக்கு நான் ஒட்டிய லேபிள்

ஞாயிற்றுக்கிழமை காலை, அடி அண்ணாமலையில் ஒரு பெண்மணி என்னை நடுரோட்டில் நிறுத்திக் கிழித்தார். நியாயமான திட்டுதான். அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

பெயர் மல்லிகா. சொந்தக் கொல்லையில் விளைந்த பப்பாளியைக் கிரிவலப் பாதையில் விற்பவர்.

"நீங்கதானே பேப்பர்ல எழுதறவரு? போட்டோவுல தலை நிறைய முடி இருந்துச்சே!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன மாதம் இதே பக்கத்தில் என்ன எழுதினேன்? விதையில்லாத பப்பாளியா — மரபணு மாற்றியது, தொடாதீர்கள் என்று. சொன்னது யார்? செங்கம் ரோட்டில் ஒரு கஃபேக்காரர். வேறு யாரிடமாவது விசாரித்தேனா? இல்லை.

"அதை போன்ல வெச்சிக்கினு வராங்க சார். பழத்தை அறுத்துக் காட்டுன்றாங்க. விதை இல்லன்னா அப்படியே போயிடறாங்க. பௌர்ணமிக்குப் பறிச்சது... நீங்களே பாருங்க."

பார்த்தேன். இரண்டு கூடை. தோல் கறுத்து, ஈ மொய்த்துக்கொண்டு...

"பக்கத்துல ஆண் மரம் இல்லன்னா காய்ல விதை இருக்காது. எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்க. கேக்கறதுக்கு இன்னா சார் கஷ்டம்?"

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். இப்போதாவது! நம் நாட்டில் மரபணு மாற்றிய பப்பாளியைப் பயிரிட அனுமதியே இல்லை. மரபணு மாற்றியவற்றில் இங்கே பரவலாக விளைவது பருத்திதான். பருத்திக்கொட்டை எண்ணெயில் பொரித்த பாக்கெட் தீனியை என்ன செய்கிறோம்? பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் விழுங்குகிறோம். பளபளவென்று பாக்கெட் இருந்தால் தரமான பொருள். மரத்திலிருந்து நேராக வந்தால் சந்தேகம்!

மறுநாள், 'மரபணு மாற்றாத பப்பாளி' என்று ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி எடுத்துப்போனேன். பிராயச்சித்தமாம்.

மல்லிகா அதைக் கையால்கூடத் தொடவில்லை.

"இதை நான் வெச்சா, பக்கத்துல கொய்யா விக்கற அக்காவை எல்லாரும் இன்னான்னு நெனைப்பாங்க? அவங்களும் ஒரு அட்டை வெக்கணுமா? அட்டையெல்லாம் வேணாம் சார். எங்க தப்பா எழுதினீங்களோ, அங்கயே எழுதுங்க."

எழுதிவிட்டேன். நான் சொன்னது தப்பு. விதையில்லாத பப்பாளி வெறும் பப்பாளி.

போன மாதம் அதை ஃபார்வர்டு செய்த புண்ணியவான்களே, இதையும் செய்யுங்கள். இன்றைக்கே. அந்தக் கொல்லையில் அடுத்த பழம் பழுத்துவிட்டது!