கூட்டிப் பார்க்காத எண்பத்தெட்டு

அன்று சாயங்காலம் டியூசன் வாட்ஸப் குரூப்பில் "இன்று வகுப்பு இல்லை" என்று மட்டும் வந்திருந்தது. பேத்தி நிவேதா கைதட்டிக்கொண்டே டி.வி.யைப் போட்டாள். எனக்கும் சந்தோசம்தான், காரைக்குடி வெயிலில் அவளை அழைத்துப் போகிற வேலை மிச்சம். ஒரு மணி நேரம் கழித்து அடுத்த செய்தி வந்தது. ஷமீமா டீச்சர் ஒரு வாரக் காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். முப்பத்திநாலு வயது. டி.வி.யை அணைக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

டீச்சர் வீட்டு முன்ஹாலில் கணக்கும் இங்கிலீஷும் படித்த பிள்ளைகளின் வீட்டார் இதைப் படிப்பீர்கள். அவர் போன பிறகுதான் எனக்கே தெரிந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் மகனும் மருமகளும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். நிவேதாவைச் சேர்க்கப் போன அன்று, வாராவாரம் பரீட்சைத் தாளில் வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டும் என்றார் டீச்சர். நான் கீழச்சிவல்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றவள், தாளைப் படம் பிடித்து மருமகளுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"அஞ்சாவது பாஸா அப்பத்தா?"

"பாஸுதான்."

"அப்பக் கூட்டத் தெரியும்ல. ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்துலயும் மார்க் இருக்கும். கூட்டிப் பாத்துட்டு நீங்களே போடுங்க."

என்னை நம்பி ஒருவர் கையெழுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. இனிஷியலோடு நிறுத்தி நிதானமாகப் போடுவேன்.

போன வருசம் ஒரு தாள் வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எண்பத்தெட்டு. அதைப் பார்த்த பிறகு கூட்ட யாருக்குப் பொறுமை? கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சொன்னேன். சிங்கப்பூருக்கும் சொன்னேன். பிள்ளைகளை அழைக்க வந்த ஐந்தாறு பேர் நடுவில் டீச்சரிடமே, கணக்கு எங்கள் ரத்தத்தில் ஊறியது என்று பெருமை பேசினேன். அவர் நிவேதா பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"ஆமா அப்பத்தா, எட்டு நல்லாப் போடுறா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாளிலிருந்து, மற்ற பிள்ளைகள் போன பிறகும் நிவேதாவை அரைமணி நேரம் நிறுத்திக்கொண்டார். கால் கடுக்க நின்ற கோபத்தில் ஒருநாள் கேட்டேவிட்டேன். எண்பத்தெட்டு வாங்குகிற பிள்ளையை ஏன் இப்படி வதைக்கிறீர்கள், மக்குப் பிள்ளைகளை நிறுத்துங்கள் என்றேன்.

"அந்த எம்பத்தெட்டுக்காகத்தான் அப்பத்தா," என்றார்.

அதன் பிறகு நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளே வாங்க, ஃபேன் ஓடுது என்று அவர் தினமும் கூப்பிடுவார். நான் வாசலிலேயே நிற்பேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவர் எழுத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பழைய தாள்களை எடுத்தேன். பெருமைக்காக நான் வைத்திருந்தபடி எண்பத்தெட்டுத் தாள் கட்டின் மேலேயே இருந்தது. ஓரத்து மார்க்குகளைக் கூட்டினேன். முப்பத்தெட்டு வந்தது. மறுபடி கூட்டினேன். முப்பத்தெட்டுதான். மூன்றை எட்டாக்கியிருந்தது.

நிவேதா அழுதுகொண்டே மிச்சத்தைச் சொன்னாள். டீச்சர் அவளைத் திட்டவே இல்லையாம். "அப்பத்தா தெருப்பூராச் சொல்லிட்டாக. இனி அந்த மார்க்கை நீ நெசமா வாங்கித்தான் ஆகணும்," என்றாராம். ஒரு மாதம் கழித்து அதே பாடத்தில் எண்பத்தொன்பது வாங்கியிருக்கிறாள். அந்தத் தாளும் அதே கட்டுக்குள் இருந்தது. ஒரு மார்க்தானே கூடியிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்? டீச்சரின் உம்மா கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. மகள் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று நிவேதா பள்ளிக்கூடத்துத் தாளைக் கொண்டுவந்தாள். கணக்கில் நாற்பத்தொன்று. வேறு டியூசனும் வேண்டாம் என்கிறாள்.

"மாத்தல அப்பத்தா," என்றாள். "மாத்துனா நெசமாக்க டீச்சர் இல்ல."

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான்: பேனாவைத் திறக்குமுன் கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்றுதான்.