நடக்காததை எழுதச் சொன்ன நாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். வயது எழுபத்தொன்று ஆகிறது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை மறந்துவிடுவேன். மாதம் முடிந்ததும் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று டீச்சர் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் டீச்சர் தினமும் காலையில் ஒரு குறிப்பு அனுப்புவார். அதை வைத்து அன்றைக்கே ஒரு கவிதை எழுத வேண்டும், முப்பது நாளும். என்னைச் சேர்த்துவிட்டது சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் அக்கா. அவர் எழுத மாட்டார், எல்லாருடையதையும் படிப்பார்.

நான் பிறப்பால் சீனப்பிள்ளை. கைக்குழந்தையாக என்னை எடுத்து வளர்த்தது அக்காவைப் பெற்ற தமிழ்க் குடும்பம். பினாங்கில் இது புதிதில்லை. பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் குறிப்பு, ‘உங்கள் வாழ்வில் நடக்காத ஒன்றை எழுதுங்கள்’. அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. தோன்றியதை அப்படியே தட்டி அனுப்பினேன்.

எதிர்க்கடை ஓரம் ஒருத்தி,
சிவப்புக் கட்டைச் செருப்பு.
பிஸ்கட் நீட்டுவாள், பேச மாட்டாள்.
வாங்கினால் அழுவாள்.
வாங்காவிட்டாலும் அழுவாள்.

‘நல்ல கற்பனை’ என்று டீச்சர் பூப்படம் போட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் அக்கா அழைத்தார்.

“ஏய், உனக்கு யாரு சொன்னா?”

“என்னதுக்கா?”

“அந்தச் சிவப்புச் செருப்பு. அம்மா சாகறதுக்கு முன்னால சொல்லிட்டாங்களா?”

“யாரும் சொல்லலக்கா. நடக்காததைத்தானே எழுதச் சொன்னாங்க, சும்மா எழுதினேன்.”

“கதை விடாதே லா. கொழம்புக்கு உப்புப் போட மறக்கிறவ நீ. மூணு வயசுல பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்குதாக்கும்!”

“யாருக்கா அது?” என்றேன்.

அக்கா சொன்னார்.

“ஒன்னப் பெத்தவங்கதான். ஆறாவதும் பொண்ணுன்னு குடுத்துட்டாங்க. ஆனா மாசத்துக்கு ஒருக்கா வந்து எதிர்க்கடைகிட்ட நிப்பாங்க. ஒரு நாள் நீ அவங்க பின்னாலயே சந்து முனை வரைக்கும் ஓடிட்டே. அன்னைக்கு அம்மா சோறே சாப்பிடல. அப்பா போயி, இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டாரு.”

“செத்துட்டாங்கன்னு சொன்னீங்களே எல்லாரும்!”

“அப்பா சொல்லச் சொன்னாரு, நானும் சொன்னேன். எனக்கு அப்போ பத்து வயசுதானே. கோவமா? என்னை விட்டுட்டுப் போயிடுவியா?”

“எங்கேக்கா போறது? பஸ் ஏறவே காலு வர மாட்டேங்குது” என்றேன். அவர் அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. மீன் தீய்ந்து வீடெல்லாம் புகை. ஜன்னலைத் திறக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பொய் என்று நினைத்து எழுதினேன். அது என் அம்மாவா?

என்னைப் பெற்றவர்கள் கட்டைச் செருப்பு செய்யும் கடைக்கு மேல்மாடியில் இருந்ததாக அப்பா சொன்னாராம், சூலியா ஸ்திரீட் பக்கத்துச் சந்தில். மறுநாள் போனேன். கீழே இப்போது காப்பிக் கடை, வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வாசலில் வயதான சீனர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஹொக்கியன் சீனம் பேச வரும். அருகில் போய் நின்றேன், வாய் திறக்கவில்லை. என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன்.

அன்றைய குறிப்பு ‘மழை’. எழுதவில்லை. அதற்குப் பின் வந்தவற்றையும் எழுதவில்லை.

அக்கா சொன்னதில் எது சரி, நான் எழுதியதில் எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. குழுவில் அந்தச் சந்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். ஐம்பத்தேழில் நாடு சுதந்திரம் அடைந்த சமயம் அது. செருப்புக் கடைக்கு மேலே ஆறு பெண் பிள்ளைகள் பெற்ற ஒரு சீனக் குடும்பம் இருந்ததா, அந்த அம்மாவின் பெயர் என்ன, மற்ற ஐந்து பேரும் எங்கே என்று யாராவது அந்தப் பெரியவரிடம் எனக்காகக் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.