கைதட்டலுக்குப் பிறகு

வைகாசியில் சபையில் இதே இடத்தில் நின்று, என் மகள் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள் என்று சாட்சி சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். நான் சொன்னது உண்மையில்லை. அன்றைக்கு அது எனக்கே தெரியாது.

அவளுக்குப் பதினைந்து வயது. தையிலிருந்தே கிழமையில் இரண்டு மூன்று நாள் போகமாட்டாள். காலையில் வயிற்றுவலி, வாந்தி, கை நடுக்கம். மற்றப் பிள்ளைகளின் வரவைப் பதிகிற ஆசிரியை நான். எனக்கு வெட்கமாக இருந்தது. கள்ளம் என்று ஏசினேன். ஒரு நாள் அடித்தேன். பிறகு, அவளிடம் கேட்காமலே, அவள் பெயரைச் சபையில் ஜெபத்துக்குக் கொடுத்தேன். சில சகோதரிகள் வீட்டுக்கு வந்து, அவள் தலையில் கைவைத்துக் கீழ்ப்படியாமையின் ஆவியைத் துரத்தினார்கள். அடுத்த நாளே சீருடை போட்டுப் புறப்பட்டாள். நான் சாட்சி சொன்னேன்.

ஆனியில் அவளுடைய வகுப்பாசிரியை தொலைபேசியில் கேட்டார்: "மகளுக்கு இன்னும் சுகமில்லையா, டீச்சர்?"

மூன்று வாரமாக அவள் வகுப்பில் இல்லை. எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. அவள் பஸ் ஏறுகிற செங்கலடிச் சந்திக்கு ஓடினேன். "பள்ளிக்கூடம் வேண்டாம், ஆண்டவரே. பிள்ளையைத் தாரும்." அவ்வளவுதான் ஜெபிக்க முடிந்தது.

வந்து நின்ற பஸ்ஸின் நடத்துநரிடம் அவள் படத்தைக் காட்டினேன். ஏறாவூர் முஸ்லிம் நானா ஒருவர்.

"இவவா? எங்கட பஸ்ஸில மூண்டாவது ஆள், டீச்சர். றைவர், நான், இவ. கரடியனாறு மட்டும் வந்து திரும்புவா. உள்ளதான் இருக்கா. ஏசிப்போடாதீங்க. பள்ளிக்கூடம் எண்டாலே பிள்ளைக்குக் கை நடுங்குது."

முன் இருக்கையில் இருந்தாள். என்னைக் கண்டதும் அழுதாள்.

"நீங்க சேர்ச்சில சொல்லிப்போட்டீங்க, அம்மா. பிறகு நான் என்னண்டு சொல்லுறது?"

மருத்துவர் அதைப் பதகளிப்பு, மனப்பதற்ற நோய் என்றார். சிகிச்சை நடக்கிறது. இப்போது கிழமையில் மூன்று நாள் போகிறாள். போன கிழமை ஒரு நாள்தான். ஏசவில்லை.

நாங்கள் துரத்திய பிள்ளையை, ஆண்டவர் ஒரு பஸ்ஸில் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்கு நன்றி. அந்த நானாவுக்கும் நன்றி. இப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஆண்டவரை நம்புங்கள். பிள்ளையிடம் கேட்காமல் மட்டும் அதன் பெயரை இங்கே கொடுக்காதீர்கள்.

இதை எழுதி முதலில் அவளிடம்தான் காட்டினேன். ஒரு வரியை வெட்டினாள்.

"முழுக்கச் சுகம் எண்டு எழுதாதீங்க, அம்மா. திரும்பவும் கைதட்டுவாங்க."