நம்ம பக்கம் கிடையாது

சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சொர்ர்' என்று எழுமே ஒரு சத்தம், அதைக் கேட்டால் இன்றும் என் கால்கள் தாமாகத் தரையை விட்டு உயர்ந்துவிடும். என் கணவர் சிரிப்பார், சிரித்துக்கொள்ளட்டும், அவர் இரும்புலியூரில் வளரவில்லை.

என் அம்மா விலங்கியல் டீச்சர். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் வட்டாரத்தை வரைந்து, எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று கலர் பென்சிலால் தீட்டி, சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஏரியை ஒட்டிய எங்கள் தெருப்பக்கம் பச்சை: தவளை, தண்ணீர்ப் பாம்பு, பூனைப் பாம்பு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கல்லும் புதருமான மேட்டு நிலம், பழுப்பு: 'சுருட்டை' என்று நாங்கள் சொல்லும் சுருட்டை விரியன் அங்கேதான். நான் சரியான பயந்தாங்கொள்ளி. எப்போது அலறினாலும் அம்மா சுவரைக் காட்டி, "அது நம்ம பக்கம் கிடையாதுடி" என்பார். நானும் ஜெபம் போல அதையே முணுமுணுத்துக்கொண்டு தூங்குவேன்.

ஒரு கோடை விடுமுறையில், எதிர் மனையின் பள்ளத்தை நிரப்ப லாரி லாரியாக 'கிராவல்' மண் கொட்டினார்கள். ஆறு வயதுத் தம்பி ஜெபின் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்க அதிலேயே கிடந்தான். ஒரு காலை அந்தக் குவியலின் ஓரம், ஒரு கல்லடியில், பழுப்பாக ஏதோ சுருண்டு கிடப்பதைப் பார்த்து, ஓடிவந்து சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூனைப் பாம்பாக இருக்கும், பார்க்கச் சுருட்டை மாதிரியே தெரியும், ஒன்றும் செய்யாது என்றபடி கல்லில் தண்ணீர் தெளித்தார்.

"மா, அதுவும் இப்படித்தான் சத்தம் போட்டுச்சு."

அம்மாவின் கை அப்படியே நின்றது. செதிலோடு செதிலை உரசி அப்படிச் சத்தமிடுவது சுருட்டைதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த மண் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் வெறுங்காலோடு ஓடினார். ஜெபின் அந்தக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளிக் குந்தியிருந்து குழி தோண்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து அவனை அவர் அள்ளித் தூக்கியபோது அந்த 'சொர்ர்' எனக்கும் கேட்டது. கடிக்கவில்லை, ஆண்டவரே, கடிக்கவில்லை. அன்று முழுக்க அம்மா அவனை மடியை விட்டு இறக்கவேயில்லை. மாலையில் வரைபடத்தைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தார்.

"பாம்பு தண்டவாளத்தைத் தாண்டாதுன்னுதான் நெனச்சேன். லாரி தாண்டும்னு தோணலையே."

அம்மா பழுப்பு தீட்டிய அந்த மேட்டு நிலத்தில்தான் இப்போது எங்கள் அடுக்குமாடி நிற்கிறது. கல்லும் இல்லை, புதரும் இல்லை. சுருட்டையைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது என்கிறார் வாட்ச்மேன். ஆனாலும் போன வாரம், செடி வைக்கவென்று கேட் அருகே ஒரு லாரி மண்ணைக் கொட்டியபோது, என் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர் மண் என்று டிரைவரைக் கேட்டேன்.

"எனக்கு இன்னாக்கா தெரியும்? ஏத்துனாங்க, எறக்கினு போறேன்."

மகள் பயந்துபோய் என் முகத்தையே பார்த்தாள். அது நம்ம பக்கம் கிடையாதுடி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்; செருப்பைக் கழட்டாதடி என்றுதான் வந்தது.