காலியாக விட்ட கட்டம்

எண்பதுகளின் கடைசியில் அரியலூரில், கண் ஆபரேஷன் முகாம் நடத்தும் ஒரு சங்கத்தில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றிய பெயர்களை ஊர்வாரியாக அட்டவணைக்கு மாற்ற வேண்டும். எத்தனை முறை மாற்றினாலும் மீன்சுருட்டிப் பட்டியலில் பன்னிரண்டு பெண்களைக் காணோம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆபரேஷன் கிடையாது. மூன்று நாள் மல்லுக்கட்டி ஓய்ந்துபோய், டைப் செய்த செல்வராணி மீது எரிந்து விழுந்தேன். "ஒழுங்கா அடிச்சீங்களாம்மா?"

அவர் திரையைக் காட்டினார். அந்தப் பெண்களின் கணவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'மீன்சுருட்டி' என்று இருந்தது. கணவர் பெயர் காலியாக இருந்ததால், அடுத்திருந்த ஊர்ப்பெயர் அங்கே நகர்ந்துவிட்டது.

"ஃபாரத்துலயே காலிதான் சார். நீங்க எழுதுனது."

என் கையெழுத்தேதான். ஃபாரம் நிரப்ப வீடு வீடாகப் போனபோது, புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம் என்று அந்தப் பெண்கள் தயங்கி நின்றார்கள். வெயில் அலுப்பில் நானும் விட்டுவிட்டு நடந்தேன்.

மறுநாள் மீன்சுருட்டிக்கு பஸ் ஏறிப் போனேன். முதல் வீட்டு அம்மா மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, "பக்கத்து வூட்டுல கேட்டா சொல்லப்போறாங்க. இதுக்கா திரும்ப வந்தீங்க?" என்றார்.

பன்னிரண்டு பெயரும் அரை மணி நேரத்தில் கிடைத்தன. செல்வராணியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு ஒரு வாரம் ஆனது.