ஜெயித்தவரின் புகார்

தோற்றவர் முறைப்பார், ஜெயித்தவர் மறந்துபோவார்: நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிய பாவிகள் அனைவருக்கும் இது தெரியும். ஆனால் "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று ஜெயித்தவரே வந்து நின்றதை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அநியாயம் நடந்தது ஹவில்தார் சேகருக்கு. நடந்தது என்னவென்றால், அவரை ஜெயிக்க வைத்துவிட்டோம். செய்தவர்களில் நானும் ஒருத்தி.

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கென்று ஒரு பேட்மின்டன் ஹால் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஸ்கோர் எழுதுவது என் வேலை. மற்ற நாட்களில் யுனிவர்சிட்டியில் அரசியல் அறிவியல் படிக்கிறேன்; அதாவது, சண்டை போடுகிறேன்.

பையில் என்ன?

சேகர் அங்கிள் வேலூர்ப் பக்கம். ராணுவத்தில் பட்டாலியனுக்காக ஷட்டில் ஆடியவர். எல்லையில் கண்ணிவெடி வெடித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது பாங்க்கில் வேலை. போன வருஷம்தான் எங்கள் சொசைட்டிக்குக் குடிவந்தார். நடக்க ஒரு செயற்கைக் கால், ஆட இன்னொன்று. ஆடுகிற கால் பையில் வரும்.

முதல் நாள் ஹால் வாசலில் வாட்ச்மேன் அவரை நிறுத்தி, பையில் என்ன என்று கேட்டார். "கால்" என்றார் அங்கிள். வாட்ச்மேன் ஜிப்பைத் திறந்து பார்த்தார், மூடினார். ஊனமுற்றோர் உரிமை பற்றி ஒரு சொற்பொழிவுக்காக நான் மூச்சை இழுத்து வைத்திருந்தேன். வீணாகப் போயிற்று. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அச்சா. பேட் எங்கே? இங்கே வாடகைக்கெல்லாம் கிடைக்காது."

விளக்கேற்றும் வேலை

சொசைட்டிப் போட்டியில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவுக்கு அங்கிள் பெயர் கொடுத்தார். ஆட்டப் பட்டியல் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. அழைப்பிதழில் இருந்தது. சிறப்பு விருந்தினராம், விளக்கேற்றுவாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு, செயலாளர் சாவ்லா அங்கிளிடம் போய் அரசியல் சாசனத்தையே இறக்கிவிட்டேன். "பேட்டா, கௌரவம்தானே கொடுக்கிறோம்" என்று அவர் இந்தியில் உருகினார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். சேகர் அங்கிள் வாதமே செய்யவில்லை. அழைப்பிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, சாவ்லா அங்கிளிடம் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. கேள்வி இது: "விளக்கு ஏத்திட்டு எத்தனை மணிக்கு சார் நான் ஆடணும்?"

போடாத கையெழுத்து

எதிரே ஆடியவர் ராகவன் அங்கிள், மத்திய அரசு செக்‌ஷன் ஆபீசர். வலையை ஒட்டிப் பந்தை மெல்லச் சாய்த்துவிடுவதில் கில்லாடி. அதற்காகவே பாதிப் பேர் அவரோடு ஆட மாட்டார்கள். அன்றைக்கு அப்படி ஒரு பந்து கூடப் போடவில்லை. எல்லாமே சேகர் அங்கிளின் கைக்கு நேராக, தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பது போல வந்தன. ஹாலே கை தட்டியது. பன்னிரண்டாவது பாயிண்ட்டில் சேகர் அங்கிள் அடித்தது கோட்டுக்கு இரண்டு விரல்கடை வெளியே விழுந்தது. அவருக்கே பாயிண்ட் போட்டேன். இருபத்தொன்று, ஒன்பது.

ஸ்கோர் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் முடிவு செல்லும். எங்கள் சொசைட்டி வழக்கம் அது. சேகர் அங்கிள் பேனாவைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார்.

"பன்னெண்டாவது வெளிய வுழுந்துச்சு. நீ பாத்தே."

"சரியா தெரியல அங்கிள்" என்றேன். பொய்.

"இந்தக் கால்ல நாலு வருஷமா ஆடிப் பழகறேம்மா. ஆட்டம் எனக்குத் திரும்ப வந்துச்சா இல்லையான்னு தெரியணும். நீங்கல்லாம் சேந்து ஜெயிக்க வச்சிட்டா, அதை நான் யாரைப் போயி கேக்கறது?"

மறு ஆட்டம்

ஊர் நியாயமெல்லாம் பேசுகிற நான், அன்றைக்கு முதல்முறையாக என் தப்பை ஒப்புக்கொள்ளப் போனேன். கையெழுத்து இல்லாத தாள் செல்லாது என்று சாவ்லா அங்கிளும் ஒப்புக்கொண்டார். ராகவன் அங்கிள்தான் மறு ஆட்டத்துக்கு மசியவில்லை. "விழுந்துட்டார்னா என்னம்மா பண்றது?" என்றார். "விழுந்தா எழுந்துப்பார் அங்கிள். நீங்க போன மாசம் விழலையா?" என்றேன்.

அடுத்த ஞாயிறு. வலையோரம் முதல் பந்து சாய்ந்ததும், கூட்டம் ராகவன் அங்கிளைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தது. அடுத்ததற்கு சேகர் அங்கிள் பாய்ந்தார், விழுந்தார். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்தார். "உக்காரும்மா. ஸ்கோர் சொல்லு."

ஏழு, நாலு என்றேன். உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் அவர் வலையை விட்டு நகரவில்லை. ராகவன் அங்கிளைத்தான் பின்கோட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக விரட்டினார். பதினெட்டு, பதினெட்டு. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தொன்று, பத்தொன்பது. ஜெயித்தது ராகவன் அங்கிள். தோற்றவருக்கான இடத்தில் சேகர் அங்கிள் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதி, பக்கத்தில் ஹவில்தார் என்றும் போட்டு, பேனாவை நீட்டினார். இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற ராகவன் அங்கிளுக்கு நிமிர்ந்து அதை வாங்கக்கூட முடியவில்லை.

"போன வாரம் உங்களைப் பாவம்னு விட்டேன் சேகர்," என்றார், மூச்சு வாங்க. "இன்னிக்கு நீங்க என்னைப் பாவம்னு விட்டிருக்கலாம்."