எல்லாப் பாடத்திலும் பாஸ்

“சார், போன மாசம் செஞ்சு, இந்த மாசம் விட்டது எது?” சிட்லபாக்கம் கிளினிக்கில் ஸ்டெல்லா சிஸ்டர் மாதாமாதம் என்னிடம் கேட்ட கேள்வி இது. அங்கே வந்துபோன உங்கள் எல்லாரிடமும் கேட்டிருப்பார். நான் ஒவ்வொரு முறையும் “ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்பேன். அது பொய்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் கணவர் போனில் அழைத்தார். “ஸ்டெல்லா போயிட்டா சார். ஹார்ட்டு. மாடிப்படி ஏறவே பயமா இருக்குன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லியிருக்கா. எங்ககிட்ட சொல்லல.” எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம். எல்லாரையும் கேட்டவரை யாரும் கேட்கவில்லை. இனி என்னை யார் கேட்பார்? வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு மூன்றும் உண்டு. மூன்று டாக்டர்கள். ஒவ்வொருவரும் தாம் பார்க்கும் நோயின் எண்ணைப் பார்த்து “நல்லா இருக்கு” என்பார். கணக்கு வாத்தியாராக இருந்தவன், ஓர் உதாரணம் சொல்கிறேன். கணக்கில் பாஸ், அறிவியலில் பாஸ், தமிழ் ஐயாவும் பாஸ் போட்டுவிட்டார். பையன் காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுவதை மட்டும் யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. நான்தான் அந்தப் பையன். எழுந்து நின்றால் கண் இருட்டும். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறேன். சொன்னால் சிறுசேரியில் வேலைபார்க்கும் மகள் இந்த வீட்டைப் பூட்டி, என்னைத் தன் பதினான்காவது மாடிக்குக் கொண்டுபோய்விடுவாள். சொல்லாவிட்டால் என்றாவது குளியலறையில் விழுந்து கிடப்பேன். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது சிஸ்டர்தான்.

“தாடையில என்ன சார், பிளேடு வெட்டு?”

“உட்கார்ந்து ஷேவ் பண்ணேன். கை தவறிடுச்சு.”

“ஏன், வாஷ்பேசின் கண்ணாடி என்னாச்சு?”

சிஸ்டர் என்னை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். எண் சரிந்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டே, “உட்கார்ந்தா பாஸ், நின்னா ஃபெயில். வாத்தியாரே இப்படி ஏமாத்தலாமா?” என்றார். இரண்டு டாக்டர்கள் தனித்தனியே எழுதிய மாத்திரைகள் சேர்ந்து அழுத்தத்தைக் கீழே தள்ளியிருந்தன. கிளினிக் டாக்டர் அந்த இருவரிடமும் பேசி மாத்திரைகளை மாற்றினார். இருட்டல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

சிஸ்டரின் நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில், நாங்கள் செய்யாமல் விட்டதை எழுத இன்னொரு கட்டம் இருக்கும். ஒருநாள் பெரும்பாக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். “சுகர் கரெக்டா கீது சிஸ்டர். ஆனா பிரேக்கு மேல கால் கீதா இல்லியான்னே தெர்ல. பேஜாரா கீது.” சர்க்கரை அளவுக்கு முன்னால் அதைத்தான் சிஸ்டர் எழுதினார். நோட்டைக் கணினியில் ஏற்றுகிறவர், “இதுக்கு கம்ப்யூட்டர்ல இடமே இல்லியே சிஸ்டர்” என்றார்.

“அவர் எங்கயாவது போய் மோதினப்புறம் இடம் கிடைக்குமா?”

அன்று சிஸ்டர் சிரிக்கவில்லை.

“பொண்ணுகிட்ட நான் சொல்ல மாட்டேன் சார். அது உங்க ஹோம்வொர்க்” என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியதும் மகளுக்குப் போன் செய்து சொன்னேன்.

“எத்தனை மாசமாப்பா?”

“ஏழெட்டு இருக்கும்.”

“பாத்ரூம் தாழ்ப்பாள் போடாதீங்க. மீதிய ஞாயித்துக்கிழமை வந்து பேசறேன்.”

ஞாயிறு இன்னும் வரவில்லை. அவள் என்ன முடிவோடு வருவாள் என்று தெரியாது. ஆனால் மறைக்க ஒன்றுமில்லை. சிஸ்டரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அதுதான்.

அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது, ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன், நீங்கள் செய்யப் பயப்படுகிற ஒரு காரியத்தை அவரிடம் சொல்லுங்கள்.